கிளுவை மேல் பழி

பிப்ரவரி 23, ஞாயிறு

அடி பெனா, இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் பாதி தூக்கம், பாதி கோபம் என்று வைத்துக்கொள். பகலில் எனக்கென்று பத்து நிமிடம் கிடைப்பதில்லை. மிதுலா தூங்கி, அத்தை தூங்கி, இவர் மில்லிலிருந்து வந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பேனா எடுக்க முடிகிறது.

உன்னோடு இனிமேல் பேசுவதில்லை என்று மத்தியானமே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தொட்டியில் போன்சாயாக வளர்க்க ஒரே வேலியில் ஆளுக்கொரு கிளுவையைப் பெயர்த்தோம். மழை பிடிக்கும்வரை ஆளுக்கொரு நாட்குறிப்பு எழுதி, பிறகு மாற்றிப் படிப்பது என்று சொன்னவள் நீதான். கல்லூரியில் தாவரவியல் ரெக்கார்டுக்கு அலைந்த புத்தி உனக்கு இன்னும் போகவில்லை. சரி, எழுதுகிறேன். பேசத்தான் மாட்டேன்.

மரம்: முள்கிளுவை. எடுத்த இடம்: எங்கள் மேய்ச்சல் கொறங்காட்டுக்கு அடுத்த காட்டின் வேலி. ஆடு மாடு மேய்ந்த அந்த இடத்தை சோலாருக்கு விற்றுவிட்டார்கள். நாம் போனபோது ஜேசிபி கிழக்கு வேலியை முடித்துவிட்டுத் தெற்கு வேலியில் நின்றது. காட்டுக்காரரே சொன்னார்: "வேணுங்கறத எடுத்துக்கங்க தாயி, நாளைக்கு எல்லாம் அடுப்புக்குத்தான்." இலை முழுக்க உதிர்ந்து மொட்டையாக நின்ற நேரம். பெயர்க்க இதுதான் நேரம். என் மரத்தின் அடி என் தொடை கனம் இருக்கிறது. சுற்றிலும் குழி தோண்டி, பக்கவேரை ரம்பத்தால் அறுத்து, சல்லிவேரை மட்டும் மண்ணோடு விட்டு, ஈரச்சாக்கில் சுற்றினோம். மேலே ஆள் உயரம் இருந்ததை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வெட்டிய இடத்தில் பால் கசிந்து, பிசினாகத் திரண்டு, கை முழுக்க அந்த வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். நீ ஆரம்பித்தாய்.

"ஏன்டி கோகிலா, இந்த வெயில்ல பாப்பாவுக்கு எதுக்குடி ஸ்வெட்டர்?"

"அவளுக்குக் குளிருதாம்."

"இது நம்ம ஆயிஷா பர்த்டேக்குப் போட்டிருந்த கவுன்தான? அது ஆச்சே ரெண்டு வருஷம்."

"நல்ல துணி. கிழியல."

"கிழியலங்கறதில்லடி. காலைல இருந்து பாக்கறேன், வண்டிய விட்டு எறங்கல, ஒரு கல்லு கூட எடுத்து எறியல. தூங்கிட்டே இருக்கா. ஒரு தடவ பிளட் டெஸ்ட் எடுத்துப் பாரேன்."

என் கைக்கெட்டும் தூரத்தில் ரம்பம் கிடந்தது என்பதை நினைவு வைத்துக்கொள். நான் கத்தினது தப்பே இல்லை. அமைதியான குழந்தை கிடைப்பதற்கு ஊரில் எத்தனை பேர் ஏங்குகிறார்கள்! உன் ஆயிஷா இவளுக்கு ஆறு மாதம் இளையவள், ஒரு தலை உயரம் கூட. உங்கள் வீட்டில் எல்லோரும் பனைமரம். நாங்கள் குட்டை. இவரும் குட்டை, நானும் குட்டை. இதற்கு ரத்தத்தில் என்ன தேடவேண்டும்?

திரும்பி வந்தோம். உன் மரத்தை இறக்கும்போது நான் கை கொடுத்தேன். அது மரத்துக்காக.

பிப்ரவரி 26, புதன்

ஆற்றுமணல் இரண்டு பங்கு, செங்கல் பொடி ஒரு பங்கு. எரு கிடையாது. அறுபட்ட வேருக்கு எரு வைத்தால் அழுகிவிடும். அடியைத் தொட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன், காற்றில் ஆடக்கூடாது. வெட்டுக்காயத்துக்குப் பசை பூசியாகிவிட்டது. மாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் வைத்திருக்கிறேன். பழைய தொட்டிகள் எல்லாம் வெயில் பக்கம்.

மிதுலாவுக்கு இன்றும் வயிறு போகவில்லை. திராட்சை ஊறவைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தப் பக்கம் பற்றாது.

பக்கத்து வீட்டு வேலுமணியக்கா கருவேப்பிலை பறிக்க மாடிக்கு வந்தார். கருவேப்பிலையோடு இறங்கிப் போகவேண்டியதுதானே? என் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "த்ச்சு, த்ச்சு" என்று நாக்கைத் தட்டிக்கொண்டு, கீழே போய் அத்தையிடம் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கேட்கும்படிதான் பேசினார்.

"அக்கா, நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. போன்ல ஒருத்தரு சொன்னாருங்க. வளர்ற மரத்த வெட்டிக் குறுக்கி ஊட்ல வச்சா, அந்த ஊட்டுப் புள்ளைக்கும் வளத்தி குறுகீருமாமுங்க."

 "அதானே பாத்தேன்" என்றார் அத்தை. அந்த 'அதானே'யில் ஒரு நிம்மதி இருந்தது பெனா, வெகு நாளாகத் தேடிய சாவி அகப்பட்ட மாதிரி.

நான் படியிறங்கிப் போனேன். "வாரா வாரம் முருங்கைய வெட்டறீங்களே அத்தை, அதுக்கு யாரு வளத்தி கொறைஞ்சுது?"

"அது கறிக்கு."

"இது கண்ணுக்கு."

"வாய் மட்டும் வளந்துட்டே போகுது இந்தப் பொண்ணுக்கு" என்றார் வேலுமணியக்கா. அத்தை சிரிக்கவில்லை. "அம்முணி, உன்ற மரத்து மேல எனக்கென்ன கோவம்? புள்ளையப் பாரு. எதிர்ஊட்டுப் பையன் நேத்துப் பொறந்தவன், இவ தோளுக்கு வந்துட்டான்."

நான் தாவரவியல் படித்தவள். வெட்டினால் மரம் குறுகாது, கிளைக்கும் என்பதை யாருக்குச் சொல்ல? மல்லிகையைக் கவாத்து பண்ணினால்தான் பூக்கிறது. இந்தக் கிளுவையே வேலிக்கு வெட்டி நட்ட குச்சியிலிருந்து வந்ததுதானே! அந்த வேலியை வெட்டி வெட்டித்தானே இந்த ஊரே ஆடு வளர்த்தது? அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் குள்ளமாகவா போனார்கள்? கேட்டேன். மூச்சு வாங்குகிற அளவுக்குக் கேட்டேன். வேலுமணியக்கா கருவேப்பிலையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

இவ்வளவு சத்தத்திலும் மிதுலா விழிக்கவில்லை. சோபாவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், எந்தத் தொந்தரவும் கிடையாது.

மார்ச் 31, திங்கள்

இன்று ரம்ஜான். உன் வீட்டுப் பிரியாணி வரவில்லை. வராது என்று தெரியும். வாழ்த்து அடித்தேன், அழித்தேன். திரும்ப அடித்தேன், திரும்ப அழித்தேன். நீதான் முதலில் பேசவேண்டும்.

ஆனால் கேள், கிளுவை துளிர்த்துவிட்டது! அடிமரத்தில், நான் வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, கடுகு மாதிரிப் பச்சை. மத்தியானத்துக்குள் இன்னும் நாலைந்து இடத்தில். அத்தையின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன்.

"பாருங்க அத்தை. வெட்டினேன்ல? வளருதா இல்லையா?"

குனிந்து பார்த்தார். தொடவில்லை. "மரம் வளருது அம்முணி" என்றார். "அதுதான் எனக்கும் பயமா இருக்குது."

 வளராவிட்டாலும் என் மரத்தின் மேல் பழி, வளர்ந்தாலும் என் மரத்தின் மேல் பழி.

ஏப்ரல் 6, ஞாயிறு

அத்தை விரதம் தொடங்கியிருக்கிறார். தொட்டிகள் வீட்டை விட்டுப் போகும்வரை சோறு தின்னமாட்டாராம். இட்லி சோறில்லையாம். உப்புமாவும் சோறில்லையாம். ராகிக்களி நிச்சயமாகச் சோறில்லையாம். ஆகமொத்தம் என் வேலைதான் இரண்டு மடங்கு: எங்களுக்கு ஒரு சமையல், விரதத்துக்கு ஒரு சமையல்.

இவரிடம் முறையிட்டேன். மில்லில் தேங்காய்ப்பருப்புக் களத்திலிருந்து வந்த மனுஷன், தலையெல்லாம் புகை வாசம், கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது கோகிலா."

"அப்ப உங்கம்மாகிட்ட சொல்லுங்க."

"அம்மா சோறு தின்னுட்டாச் சரி."

"அது எப்படிங்க, நம்பிக்கையும் இல்ல, சொல்லவும் மாட்டீங்க?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போங்களேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். விட்டுக்கொடுக்க அத்தையிடம் என்ன இருக்கிறது, உப்புமாவா?

மிதுலாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. குரல் கரகரவென்று பெரிய ஆள் மாதிரி வருகிறது. ஐஸ்கிரீம் கூடக் கொடுக்கவில்லை. வெந்நீர் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

 எழுதியே ஆகவேண்டும்.

காலையில் மிதுலாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். புளி, மிளகாய், வருஷப்பிறப்புக்குப் பழம். அவள் நடக்கமாட்டேன் என்று பாதியில் கையைத் தூக்கிவிட்டாள், ஒரு இடுப்பில் அவள், ஒரு கையில் பை. வீட்டுக்கு வந்து, துணி காயப்போட மாடி ஏறினால், மாடி மொட்டையாகக் கிடக்கிறது. தொட்டி இருந்த இடத்திலெல்லாம் வட்ட வட்டமாக ஈரத்தடம். எல்லாமே போய்விட்டன. கிளுவையும் போய்விட்டது.

இவர்தான் மில் டெம்போவை வரச்சொல்லி ஏற்றி அனுப்பியிருக்கிறார். எங்கள் கொறங்காட்டு மோட்டார் ரூமுக்கு.

"தூக்கி எறியலியே கோகிலா. நம்ம காட்டுலதான இருக்குது. நெனைச்சாப் போய்ப் பாத்துக்கலாம்."

"புதுசா வேர் விட்ட மரத்த ஆட்டக்கூடாதுங்க! முடி மாதிரி இருக்கும் அந்த வேரு. ஒரு குலுக்கு குலுக்கினா அத்தனையும் அறுந்துபோகும். அத டெம்போவுல, அந்த ரோட்ல..."

"மெதுவாத்தான் ஓட்டச் சொன்னேன்."

மெதுவாக ஓட்டச் சொன்னாராம்! சொல்லாமல் கொள்ளாமல், நான் இல்லாத நேரம் பார்த்து, திருடன் மாதிரி ஏற்றி அனுப்பிவிட்டு, மெதுவாக ஓட்டச் சொன்னாராம். நான் சமையலறையில் என்னென்ன கத்தினேன் என்பதை எழுதமாட்டேன். அத்தை நடுவில் வரவே இல்லை. மத்தியானம் தட்டைப் போட்டு உட்கார்ந்து, ரசம் ஊற்றிச் சோறு சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு மிதுலாவை மடியில் போட்டுக்கொண்டு, "இனி பாரு சாமி, உங்கப்பன் தோளுக்கு வளந்துருவே நீ" என்று காலை நீவிவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவரோடு பேச்சு இல்லை. மிதுலாவிடம் சொல்லி அனுப்புகிறேன்: "அப்பாவச் சாப்பிட வரச்சொல்லு." அவள் எழுந்து, நடந்து, சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடுகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஸ்கூட்டியில் மிதுலாவை முன்னால் நிறுத்திக்கொண்டு காட்டுக்குப் போனேன். தொட்டிகளை மோட்டார் ரூமுக்குப் பின்னால் வேம்பு நிழலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு தொட்டி விளிம்பு உடைந்திருக்கிறது. கிளுவையில் ஒரு பக்கத்துத் துளிர் வாடித் தொங்குகிறது. அந்தப் பக்கத்து வேர்தான் அறுந்திருக்கும். மற்ற பக்கம் பரவாயில்லை. வாடினதைக் கிள்ளவில்லை, தானாகக் காயட்டும். ஈரச்சாக்கை அடியில் சுற்றிவிட்டு வந்தேன். இனி ஞாயிறும் புதனும் போவேன். யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன்.

ஆடுகள் வேலிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தன. மற்றக் குழந்தையாக இருந்தால் ஓடியிருக்கும். மிதுலா சாக்கின் மேல் படுத்துத் தூங்கிவிட்டாள். ஸ்வெட்டர் கேட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டுகிறது, இவளுக்கு ஸ்வெட்டர்! ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பேரீச்சம்பழம் வாங்கவேண்டும்.

'ரத்தம்' என்று எழுதியதும் உன் ஞாபகம் வந்தது. கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மே 11, ஞாயிறு

கிளுவையின் ஒரு துளிர் என் முழங்கை நீளம் போய்விட்டது. மற்றவை ஒரு சாண். வெட்ட எனக்குக் கை பரபரக்கிறது என்று நினைக்காதே, இந்த வருஷம் கத்தரியே படக்கூடாது. காட்டிலிருந்து எடுத்த மரத்தை முதலில் அதன் இஷ்டத்துக்கு ஓடவிடவேண்டும். மேலே எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு கீழே வேர் பிடிக்கும். உருவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துளிர் நீள்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். நீளாமல் அப்படியே பச்சையாக நின்றால் அது உள்ளிருந்த சத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். உன் மரம் எப்படி இருக்கிறது? கேட்கவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் மரத்தைக் குறுக்குகிறேனாம்! இந்த ஊரில் ஒரு மரத்தை இஷ்டத்துக்கு ஓடவிட்டு, வாரம் இரண்டு தரம் போய் அதன் நீளத்தைக் கையால் அளப்பவள் நான் ஒருத்திதான்.

வீட்டில் இப்போது ஒரே கொண்டாட்டம். தினம் முட்டை, வாரம் ஒரு நாட்டுக்கோழி. வேலுமணியக்கா வந்து மிதுலாவின் கன்னத்தைக் கிள்ளி, "மரம் போனதும் மூஞ்சியே பூரிச்சுப்போச்சுங்க அக்கா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். கன்னம் எப்போதும் அப்படித்தான் உப்பலாக இருக்கும். காலையில் கண்ணும் கொஞ்சம் உப்பியிருக்கும், தூங்கியெழுந்த முகம். இதற்கெல்லாம் என் மாடி காலியானதுதான் காரணமாம்.

"மூஞ்சி பூரிச்சாப் போதுமா, உயரம் எங்கக்கா?" என்று கேட்டேன், அவரை மடக்கவேண்டும் என்று. கேட்ட பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தலை சீவும்போது மிதுலாவுக்கு முடி கொத்தாக வருகிறது. வெயில் காலம்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். மிதுலா யு.கே.ஜி.

போன வருஷம் எல்.கே.ஜி. யூனிஃபார்ம் எடுத்தபோது அத்தைதான் கடையில் சண்டை போட்டு இரண்டு அளவு பெரிதாக வாங்கினார். "வளர்ற புள்ள." பாவாடையின் கீழ் ஓரத்தை உள்ளே மடித்து, கையாலேயே தைத்துக் கொடுத்தார், வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடலாம் என்று. எல்லா வீட்டிலும் செய்வதுதானே.

இன்று மத்தியானம் அந்தப் பாவாடையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைக் கேட்கவில்லை, மிதுலாவுக்குப் போட்டும் பார்க்கவில்லை. மடிப்பை முழுக்க அவிழ்த்து, உதறி, இஸ்திரி போட்டார். "வா சாமி, பெரிய புள்ள, இங்க வா."

மிதுலா வந்து நின்றாள். போட்டுவிட்டார். பாவாடை கணுக்கால் வரை தொங்கியது.

அத்தை இடுப்பில் ஊக்கைச் சரிசெய்தார். மேலே கொஞ்சம் இழுத்தார். குழந்தையை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். மிதுலா நிமிர்ந்துதான் நின்றாள். அப்புறம் பாவாடையைக் கழற்றி வாங்கி, மறுபடியும் மடித்து, ஊசி கோத்து, தைக்க ஆரம்பித்தார். புதிதாக அளவெடுக்கத் தேவையில்லை பெனா. போன வருஷத்து ஊசித் துளைகள் துணியில் வரிசையாக இருந்தன. அதே துளையில் ஊசி போய் வந்தது.

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று மாதத்து ஆத்திரம், சும்மா இருக்கவிடவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே காத்திருந்தேன்!

"மரந்தான் இந்த வீட்லயே இல்லையே அத்தை. இப்ப யாரச் சொல்லுவீங்க?"

அத்தை நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"நான் யாரையும் சொல்லோணும்னு இல்ல அம்முணி. புள்ள வளரலீன்னுதான் நான் சொன்னேன். அதுக்கு நீ ஒரு வார்த்தை பதில் சொல்லலியே. மரத்துக்குத்தான் பதில் சொன்னே."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஊறப்போடாத பருப்பைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜெயித்துவிட்டேன் பெனா. என் மரங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கு ஊரறிய நிரூபணம் ஆகிவிட்டது. இதை எழுதி முடித்து வெகு நேரமாகிறது, பேனாவை மூட முடியவில்லை. இந்த வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூன் 2, திங்கள்

பள்ளியில் பிரேயருக்கு வரிசையாக நிறுத்தினார்கள். புதிதாக வந்த ஆயாம்மா மிதுலாவின் தோளைப் பிடித்து, எல்.கே.ஜி. வரிசையில், அழுகிற புதுக் குழந்தைகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். அவள் அங்கேயே நின்றாள். போன வருஷம் கூடப் படித்ததெல்லாம் பக்கத்து வரிசையிலிருந்து, "மிது, இங்க வா, மிது" என்று கூப்பிட்டன. அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய் அந்த ஆயாம்மாவை நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும். நீ என்னை அறிவாய், நான் கேட்காமல் விடுகிறவளா? இன்றைக்குக் கோபம் வரவில்லை. அந்த வரிசையில் அவள் அளவு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை டாக்டருக்கு ஃபோன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். வளரவில்லை, எப்போதும் தூங்குகிறாள், குளிருகிறது என்கிறாள், வயிறு சரியாகப் போவதில்லை, முடி கொட்டுகிறது, குரல் மாறியிருக்கிறது. சொல்லச் சொல்ல நானே கேட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்ததுதான், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இன்றைக்குத்தான் சொல்கிறேன். "எத்தன நாளா மேடம்?" என்றாள். "கொஞ்ச நாளா" என்றேன். வியாழக்கிழமை காலை வரச்சொல்லியிருக்கிறாள்.

அத்தையிடம் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றார்.  சாயங்காலம் இவரிடம், "அந்தத் தொட்டியெல்லாம் டெம்போவுல ஏத்திக் கொண்டாந்து வச்சிரு தம்பி" என்றார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது வேர் பிடிக்கிற நேரம், மறுபடி ஆட்டக்கூடாது.

இவர் மத்தியானம் மில்லிலிருந்து பாதியில் வந்து, மிதுலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையைத் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்பவுமே இவ்ளோ ஜில்லுனா இருக்கும்?" என்று கேட்டார். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. "ஆமாங்க" என்றேன்.

பெனா, இந்தப் பக்கங்களையெல்லாம் இப்போதே படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். மழைவரை காத்திருக்க முடியாது. மரத்தைப் பற்றி எழுதச் சொன்னாய், அதுவும் உள்ளே இருக்கிறது. உன்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை இவருக்கு லோடு வருகிற நாள், இருந்தாலும் வருகிறேன் என்கிறார். அத்தையும் வருகிறார். ஆனால் எனக்கு நீ வேண்டும். அந்த டாக்டர் என்ன சொன்னாலும் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். நல்லது சொன்னாலும் வரும், வேறு ஏதாவது சொன்னாலும் வரும். கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு வைத்துக்கொள்ள, பிறகு எனக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நான் கத்தினாலும் எழுந்து போகாத ஆள்.

நாங்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். தாராபுரத்திலிருந்து நீ நேராகக் கோயம்புத்தூருக்கே வந்துவிடலாம். நீ பாடம் நடத்துகிற பள்ளியில் உனக்கு லீவு கிடைக்குமா? வருவாயா? சீக்கிரம் பதில் போடு.